போலியோ ஒழிப்பில் தன்னார்வ நிதி: ஒரு பொருளாதார நோக்கு

ஒரு நோயைக் கட்டுப்படுத்துவது வேறு. அதனை உலகிலிருந்தே ஒழிப்பது வேறு. முன்னது ஆண்டுதோறும் தொடர்ந்து செய்ய வேண்டிய செலவு. பின்னது ஒருமுறை செய்து முடித்தால் என்றென்றும் பயன் தரும் முதலீடு. மனிதரைத் தாக்கும் நோய்களுள் இதுவரை முற்றாக ஒழிக்கப்பட்டது பெரியம்மை ஒன்றே. அதன் ஒழிப்பு 1980ஆம் ஆண்டு முறையாக அறிவிக்கப்பட்டது. அடுத்து ஒழிக்கப்படக்கூடிய நிலையில் இருக்கும் நோய்களுள் ஒன்று, இளம்பிள்ளை வாதம் எனப்படும் போலியோ.

1988ஆம் ஆண்டு 125க்கும் மேற்பட்ட நாடுகளில், ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3,50,000 பேர், பெரும்பாலும் குழந்தைகள், இந்நோயால் முடமாகி வந்தனர். 2023ஆம் ஆண்டு இயற்கையான போலியோ வைரசால் உலகெங்கும் பாதிக்கப்பட்டவர்கள் 12 பேர் மட்டுமே. இம்மாற்றத்திற்கு அரசுகளும் பன்னாட்டு நிறுவனங்களும் ஆற்றிய பங்கு பரவலாக அறியப்பட்டதே. ஆனால் இதற்கான பணத்தில் ஒரு பகுதி வரியாகவோ கடனாகவோ வந்ததன்று. தொண்டர்கள் கைநீட்டிக் கேட்டுத் திரட்டிய நன்கொடை அது. மொத்தச் செலவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கான இந்நிதி ஏன் இன்றியமையாததாயிற்று, அதன் எல்லைகள் யாவை என்பவற்றை ஆராய்வது வளர்ச்சிப் பணிகளில் ஈடுபட்டிருப்போர்க்குப் பயன் தரும்.

நோயின் இயல்பும் பொதுப் பண்டமும்

போலியோ வைரஸ் பெரும்பாலும் மலத்தால் மாசுபட்ட நீர், உணவு, கைகள் வழியாகப் பரவுகிறது. தொற்றுக்கு உள்ளானவர்களில் பெரும்பாலோர்க்கு நோயின் அறிகுறியே தோன்றுவதில்லை. ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்குத்தான் மீளாத வாதம் ஏற்படுகிறது. அவ்வாறு வாதமுற்றோரில் 5 முதல் 10 விழுக்காட்டினர், மூச்சுத் தசைகள் செயலிழப்பதால் உயிரிழக்கின்றனர். ஒரு குழந்தை முடமாகி வைரசின் இருப்பு வெளிப்படும்போது, அதே வட்டாரத்தில் நூற்றுக்கணக்கானோர் தம்மையறியாமலே அதைச் சுமந்து கொண்டிருப்பர் என்பது இதன் பொருள்.

இந்த இயல்பே ஒழிப்புப் பணியைப் பொருளாதார நூலோர் பொதுப் பண்டம் என்று கூறும் வகையில் சேர்க்கிறது. ஒரு நாடு வைரசை ஒழித்தால் அதன் பயன் எல்லா நாடுகளுக்கும் கிட்டும். செலவில் பங்கேற்காத நாட்டையும் அப்பயனிலிருந்து விலக்க இயலாது. ஆகவே, பிறர் செலவிட்டுக் கொள்ளட்டும் என்று ஒவ்வொருவரும் காத்திருக்கும் நிலை எளிதில் உருவாகும். மேலும், இது சங்கிலி போன்றது; அதன் வலிமை மிக நலிந்த கண்ணியின் வலிமையே ஆகும். 2003ஆம் ஆண்டு நைஜீரியாவின் வடபகுதியிலுள்ள கானோ மாநிலத்தில் சொட்டு மருந்து வழங்குவது பல மாதங்கள் நிறுத்தப்பட்டது. அங்கிருந்து பரவிய வைரஸ், பத்தாண்டுகளாக நோயற்றிருந்த இந்தோனேசியாவை 2005ஆம் ஆண்டு எட்டியது.

பத்து சென்ட் நாணயத்தின் வரலாறு

போலியோவுக்கு எதிராகப் பொதுமக்களிடம் நிதி திரட்டும் வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியது. 1921ஆம் ஆண்டு தமது 39ஆம் வயதில் வாதநோயால் கால்கள் செயலிழந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், பின்னர் அந்நாட்டின் குடியரசுத் தலைவரானார். 1934ஆம் ஆண்டு அவரது பிறந்த நாளையொட்டி நாடெங்கும் நடன விழாக்கள் நடத்தப்பட்டு, பத்து இலட்சம் டாலருக்கு மேல் திரட்டப்பட்டது. 1938இல் இதற்கெனத் தேசிய அறக்கட்டளை ஒன்று நிறுவப்பட்டது. ஒவ்வொருவரும் ஒரு பத்து சென்ட் நாணயத்தை வெள்ளை மாளிகைக்கு அனுப்புமாறு வானொலி வழியாக வேண்டுகோள் விடுக்கப்பட்டது. மூட்டை மூட்டையாக அஞ்சல் குவிந்தது. வந்து சேர்ந்த நாணயங்கள் 26 இலட்சத்து 80 ஆயிரம். அவற்றின் மதிப்பு 2,68,000 டாலர்.

இத்தொகையைக் காட்டிலும், அதைத் தந்தவர்களின் எண்ணிக்கையே முக்கியமானது. செல்வர் சிலரின் பெருங்கொடையைச் சாராமல், எளியோர் பலரின் சிறு கொடையைச் சார்ந்து ஓர் அறிவியல் முயற்சியை நடத்த முடியும் என்பதை இது மெய்ப்பித்தது. 1950இல் அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில் தாய்மார்கள் வீடு வீடாகச் சென்று நிதி திரட்டினர். கொடுக்க விரும்புவோர் வாயில் விளக்கை ஏற்றி வைத்தால் போதும் என்பது ஏற்பாடு. இம்முறை விரைவில் நாடெங்கும் பரவியது.

1952ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஏறத்தாழ 58,000 பேர் போலியோவால் தாக்கப்பட்டனர்; 3,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இந்நிலையில் 1954இல் ஜோனாஸ் சால்க் கண்டறிந்த தடுப்பூசியைச் சோதிக்க, ஏறத்தாழ 18 இலட்சம் பள்ளிக் குழந்தைகள் பங்கேற்ற மாபெரும் கள ஆய்வு நடைபெற்றது. அதனை ஏற்று நடத்தியது அரசன்று. மக்கள் தந்த சில்லறைக் காசுகளில் வளர்ந்த அந்த அறக்கட்டளையே. தடுப்பூசி பாதுகாப்பானது, பயனுடையது என்ற முடிவு 1955 ஏப்ரல் 12 அன்று அறிவிக்கப்பட்டது. பின்னர் ஆல்பர்ட் சேபின் உருவாக்கிய வாய்வழிச் சொட்டு மருந்து பயனுக்கு வந்தது. விலை குறைந்ததும், ஊசியின்றித் தொண்டர்களே கொடுக்கக் கூடியதுமான அம்மருந்தே உலகளாவிய ஒழிப்பை எண்ணிப் பார்க்கும் துணிவைத் தந்தது.

மணிலாவிலிருந்து உலகெங்கும்

பணக்கார நாடுகளில் போலியோ மறைந்த பின்னரும் ஏழை நாடுகளில் அது நீடித்தது. 1905ஆம் ஆண்டு சிகாகோவில் தொடங்கப்பட்ட ரோட்டரி சங்கம், 1979இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் 60 இலட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து வழங்கும் ஐந்தாண்டுத் திட்டத்தை ஏற்றது. மணிலா பெருநகரின் ஒரு பகுதியான மக்காட்டியில் 1979 செப்டம்பர் 29 அன்று அப்பணி தொடங்கிற்று. இதற்கென ஒதுக்கப்பட்ட தொகை 7,60,000 டாலர். அதாவது, குழந்தை ஒன்றுக்கு ஏறத்தாழ 12 சென்ட். வணிகரும் வழக்கறிஞரும் மருத்துவரும் உறுப்பினராயுள்ள ஓர் அமைப்பு, இவ்வளவு குறைந்த செலவில் ஒரு நாட்டின் குழந்தைகளைக் காக்க முடியுமாயின், உலகின் குழந்தைகளை ஏன் காக்க முடியாது என்ற கேள்வி அதிலிருந்து எழுந்தது.

1985ஆம் ஆண்டு அச்சங்கம் 'போலியோ பிளஸ்' என்னும் இயக்கத்தைத் தொடங்கி, 12 கோடி டாலர் திரட்டுவதாக உறுதி கூறியது. 1988இல் பிலடெல்பியா மாநாட்டில் கணக்குப் பார்த்தபோது, உறுதியளிக்கப்பட்ட தொகை 24 கோடியே 70 இலட்சம் டாலராக, குறிக்கோளைப் போல் இரு மடங்குக்கும் மேலாக, உயர்ந்திருந்தது. அதே ஆண்டு மே மாதம் உலக சுகாதார மன்றம், போலியோவை உலகெங்கும் ஒழிப்பதெனத் தீர்மானம் நிறைவேற்றியது. உலக சுகாதார நிறுவனம், யுனிசெப், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், ரோட்டரி ஆகிய நான்கும் இம்முயற்சியின் தொடக்கப் பங்காளிகளாயின. கேட்ஸ் அறக்கட்டளையும், காவி என்னும் தடுப்பூசிக் கூட்டமைப்பும் பின்னர் இணைந்தன.

இங்கு காலவரிசையைக் கூர்ந்து நோக்க வேண்டும். அரசுகள் தீர்மானித்த பின் தொண்டர்கள் உதவிக்கு வரவில்லை. தொண்டர்கள் பணத்தோடு முன்வந்து மூன்றாண்டுகள் கழிந்த பின்னரே அரசுகள் தீர்மானம் செய்தன. தீர்மானம் நிறைவேறிய அன்று கையில் பணம் இருந்தது. பன்னாட்டு மன்றங்களில் நிறைவேறும் எத்தனையோ தீர்மானங்கள் நிதியின்றி ஏட்டளவில் நின்றுவிடுவதை அறிந்தோர்க்கு இதன் அருமை புலப்படும்.

திரட்டும் முறைகள்

உலகெங்குமுள்ள ஏறத்தாழ 12 இலட்சம் ரோட்டரி உறுப்பினர்கள் தத்தம் ஊர்களில் கையாளும் முறைகள் எளியவை. மிதிவண்டிப் பயணம், நடைப் பயணம், இசை நிகழ்ச்சி, விருந்து, பழம்பொருள் விற்பனை ஆகியவை வழியாக நன்கொடை திரட்டப்படுகிறது. நம் நாட்டில் சொட்டு மருந்து பெற்ற குழந்தையின் இடக்கைச் சுண்டுவிரலில் மையிடும் வழக்கத்தையொட்டி, வேறு நாடுகளில் நன்கொடை தருவோரின் விரல் நுனியில் ஊதா நிறம் பூசுவதும் உண்டு. அக்டோபர் 24 உலக போலியோ நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. நிதி திரட்டும் நிகழ்ச்சிகள் பல அந்நாளையொட்டி நடைபெறுகின்றன.

சிறு தொகைகளின் ஆற்றலைப் பெருக்கிய ஏற்பாடு, இணை மானியம் ஆகும். 2017இல் செய்துகொள்ளப்பட்ட உடன்பாட்டின்படி, ரோட்டரி ஆண்டுக்கு 5 கோடி டாலர் திரட்ட வேண்டும். திரட்டும் ஒவ்வொரு டாலருக்கும் கேட்ஸ் அறக்கட்டளை இரண்டு டாலர் தரும். மூன்றாண்டுகளில் மொத்தம் 45 கோடி டாலர் என்பது இலக்கு. கொடையாளரின் நோக்கில் இதன் விளைவு தெளிவானது. அவர் ஒரு டாலர் கொடுத்தால் களத்தை அடைவது மூன்று டாலர். கொடுப்பதன் 'விலை' மூன்றில் ஒரு பங்காகக் குறையும்போது கொடுப்போர் பெருகுவது இயல்பே.

பத்தில் ஒரு பங்கின் மதிப்பு

1988 முதல் உலகளவில் ஒழிப்பு முயற்சிக்குச் செலவானது 2,000 கோடி டாலருக்கு மேல். அதில் ரோட்டரி வழங்கியது 200 கோடி டாலருக்கு மேல். எஞ்சியதில் பெரும்பகுதியை அரசுகளும் பெரும் அறக்கட்டளைகளும் ஏற்றன. வெறும் கூட்டல் கணக்கில் தொண்டர் நிதி துணைநிதியே எனலாம். எனினும் மூன்று காரணங்களால் அதன் மதிப்பு அதன் அளவைவிடப் பெரிது.

முதலாவது, அது பிற நிதியை ஈர்க்கிறது. தம் தொகுதி மக்களே கைப்பணம் கொடுத்துள்ள ஒரு பணிக்கு நிதி ஒதுக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் தயங்குவதில்லை. அரசுகள் இப்பணிக்கு 1,000 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியதில் தன் வாதாட்டத்திற்கும் பங்குண்டு என அச்சங்கம் கணக்கிடுகிறது. இரண்டாவது, அது நிலையானது. அரசின் கொடை, ஆட்சிக்கும் அரசியல் சூழலுக்கும் ஏற்ப ஏறி இறங்கும். உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகும் முடிவை 2025 ஜனவரியில் அமெரிக்கா அறிவித்தது இதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு. ஓர் ஊரில் ஆண்டுதோறும் நடைபெறும் நிதிதிரட்டு விழாவோ ஆட்சி மாற்றத்தால் நிற்பதில்லை. மூன்றாவது, நிதி திரட்டுவோரே களத்திலும் நிற்கின்றனர். கொடுத்த கையே கணக்குக் கேட்கும். கணக்குக் கேட்கும் கையே சொட்டு மருந்தும் ஊற்றும்.

இந்தியாவின் அனுபவம்

இவ்வுண்மைகளை இந்தியாவைப் போல் விளக்கும் நாடு வேறில்லை. வெப்ப மண்டலச் சூழலில் மூன்று தவணைச் சொட்டு மருந்து பல குழந்தைகளுக்குப் போதிய எதிர்ப்பாற்றலைத் தருவதில்லை என்பதை, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் வைரஸ் இயல் அறிஞர் டி. ஜேக்கப் ஜான் முதலானோரின் ஆய்வுகள் புலப்படுத்தின. குறித்த நாளில் எல்லாக் குழந்தைகளுக்கும் மீண்டும் மீண்டும் மருந்தளிக்கும் முறைக்கு இத்தகைய ஆய்வுகள் வலுச் சேர்த்தன. 1995ஆம் ஆண்டு நாடு தழுவிய தீவிர சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கின. பிற்காலத்தில் தேசிய முகாம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 17 கோடிக் குழந்தைகளுக்கு மருந்தளிக்கப்பட்டது. 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட பணியாளர்களும் தொண்டர்களும் ஈடுபட்டனர்.

இப்பணியின் செலவில் பெரும்பகுதியை இந்திய அரசே ஏற்றது என்பது குறிப்பிடத்தக்கது. தொண்டர் நிதி அரசின் இடத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அரசின் கை எட்டாத இடுக்குகளை நிரப்பியது. பதாகைகள், தொண்டர்க்கான தொப்பிகள், குழந்தைகளைக் கவரும் ஊதல்கள், நடமாடும் விளம்பர வண்டிகள் போன்ற சிறு செலவுகளுக்கு அரசின் ஒதுக்கீட்டு நடைமுறையில் காலதாமதம் நேரும். உள்ளூர்ச் சங்கங்கள் அவற்றை உடனே நிறைவேற்றின. உத்தரப் பிரதேசத்தில் மருந்தைப் பற்றி ஐயங்கள் பரவியபோது, உலமாக்களைக் கொண்ட குழு ஒன்றை ரோட்டரி அமைத்தது. சமயப் பெரியோரே பெற்றோரிடம் பேசியதால் பல வீடுகளின் கதவுகள் திறந்தன.

முன்னேற்றம் நேர்கோட்டில் அமையவில்லை. 2002இல் 1,600 பேர் பாதிக்கப்பட்டனர். 2006இல் 676 பேர். 2007இல் 874 பேர். 2009இல் உலகெங்கும் பதிவான 1,604 நிகழ்வுகளில் 741 இந்தியாவில் நேர்ந்தவை. உத்தரப் பிரதேசம், பீகார் ஆகிய இரு மாநிலங்களில் இடர் மிகுந்த 107 வட்டாரங்களில் சுகாதாரம், குடிநீர், தடுப்பூசி ஆகியவற்றில் தனிக் கவனம் செலுத்தப்பட்டது. 2010 ஜனவரியில் முதலாம், மூன்றாம் வகை வைரஸ்களுக்கு எதிரான இருமுனை மருந்து பயனுக்கு வந்தது. அவ்வாண்டு நிகழ்வுகள் 42ஆகக் குறைந்தன. 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹௌரா மாவட்டத்தில் ஒரு குழந்தைக்கு நேர்ந்ததே இயற்கை வைரசால் இந்தியாவில் ஏற்பட்ட கடைசி நிகழ்வு. 2014 மார்ச் 27 அன்று தென்கிழக்கு ஆசிய மண்டலம் முழுவதும் போலியோ அற்றதெனச் சான்றளிக்கப்பட்டது.

கடைசிப் படியின் செலவு

இந்தியாவின் எண்கள் ஒரு பொதுப் பாடத்தைத் தருகின்றன. 2007 முதல் 2009 வரை, இருபதாண்டு முயற்சிக்குப் பின்னும் நூற்றுக்கணக்கில் நோய் நீடித்தபோது, ஒழிப்பைக் கைவிட்டுக் கட்டுப்பாட்டுடன் நிறைவடையலாம் என்ற வாதம் உலக அரங்கில் எழுந்தது. அவ்வாதத்திற்கு அடிப்படையானது ஒரு வகுத்தல் கணக்கு. எடுத்துக்காட்டாக, 2017இல் உலகெங்கும் இயற்கை வைரசால் வாதமுற்றோர் 22 பேர். அக்காலத்தில் ஒழிப்பு முயற்சிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டாலர் செலவாயிற்று. வகுத்தால் ஒரு நிகழ்வுக்கு நாலரைக் கோடி டாலர். மலேரியாவுக்கோ வயிற்றுப்போக்குக்கோ இதைச் செலவிட்டால் எத்தனை உயிர்களைக் காக்கலாம் என்ற கேள்வி நியாயமானதாகவே தோன்றும்.

ஆனால் வகுக்கும் எண்ணே தவறானது. அச்செலவு 22 பேருக்காகச் செய்யப்பட்டதன்று. நோய் 22இல் நிற்பதற்காகச் செய்யப்பட்டது. முயற்சி கைவிடப்பட்டால், பத்தாண்டுகளுக்குள் ஆண்டுதோறும் 2,00,000 பேர்வரை மீண்டும் வாதமுறக்கூடும் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. 2010இல் வெளியான ஆய்வு ஒன்று, 1988 முதல் 2035 வரையிலான காலத்தில் ஒழிப்பு முயற்சியின் நிகரப் பயனை 4,000 முதல் 5,000 கோடி டாலர் எனக் கணக்கிட்டது. ஆயினும் அப்பயன் முழுமையாகக் கிட்ட வேண்டுமாயின், எண்ணிக்கை பூச்சியத்தை அடைந்தே ஆகவேண்டும்.

நிதி திரட்டுவோர்க்கு உண்மையான சோதனை இங்குதான். நோய் கண்முன் இருக்கும்போது கொடுப்போர் மிகுதி. நோய் கண்ணில் படாதபோது கொடுப்போர் குறைவு. பணத்தின் தேவையோ அதே அளவில் குறைவதில்லை. நோயில்லாத நாட்டிலும் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திடீரெனத் தளர்வாதம் தோன்றும் ஒவ்வொரு நிகழ்வையும் ஆராய்ந்து, மல மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியாக வேண்டும். கழிவுநீரைச் சோதித்தாக வேண்டும். புதிதாகப் பிறக்கும் குழந்தைகளுக்குத் தடுப்பு மருந்து அளித்தாக வேண்டும். 2022இல் நியூயார்க் மாநிலத்தில் ஒருவர் வாதமுற்றதும், அதே ஆண்டு இலண்டன் கழிவுநீரில் வைரஸ் கண்டறியப்பட்டதும், 2024இல் போரால் நலிந்த காசாவில் ஒரு குழந்தை வாதமுற்றதும், கண்காணிப்பு தளரலாகாது என்பதற்குச் சான்றுகள்.

இந்நிகழ்வுகளுக்குக் காரணம் மருந்திலிருந்து பிறந்த வைரஸ். தடுப்பு மருந்து பெறாதோர் மிகுந்த சமூகங்களில், சொட்டு மருந்திலுள்ள வலுக்குறைந்த வைரஸ் நெடுங்காலம் பரவி, மாற்றமடைந்து, வாதம் உண்டாக்கும் திறனை மீண்டும் பெறுவதுண்டு. இந்த இடரைக் குறைக்கவே 2016இல் உலகெங்கும் இரண்டாம் வகை வைரஸ் சொட்டு மருந்திலிருந்து நீக்கப்பட்டது. ஊசி வழி மருந்தும் சேர்க்கப்பட்டது. எளிதில் திரிபடையாத புதிய இரண்டாம் வகை மருந்து 2020இல் அவசரகாலப் பயன்பாட்டுக்கு ஏற்கப்பட்டது. கடைசிப் படி செலவு மிக்கதாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இயற்கை வைரசின் இரண்டாம் வகை 2015இலும் மூன்றாம் வகை 2019இலும் ஒழிந்ததாகச் சான்றளிக்கப்பட்டன. எஞ்சியிருப்பது முதலாம் வகை. அது ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் வேரூன்றியுள்ளது. 2023இல் 12ஆக இருந்த நிகழ்வுகள் 2024இல் 99ஆக உயர்ந்தன. 2000ஆம் ஆண்டுக்குள் ஒழிப்பது என்று தொடங்கிய இலக்கு பலமுறை தள்ளிவைக்கப்பட்டு, 2024இல் செய்த திருத்தத்தின்படி இயற்கை வைரசுக்கு 2027, மருந்திலிருந்து பிறந்த இரண்டாம் வகைக்கு 2029 என நிர்ணயிக்கப்பட்டது.

கற்க வேண்டியவை

இவ்வரலாறு வளர்ச்சித் திட்டங்களை வகுப்போர்க்குத் தரும் பாடங்கள் சில.

முதலாவது, குறிக்கோள் தெளிவாகவும் சரிபார்க்கத் தக்கதாகவும் இருந்தால் மக்கள் கொடுக்கத் தயங்குவதில்லை. ஒரு குழந்தைக்கு 12 சென்ட் என்பது எவருக்கும் புரியும் கணக்கு.

இரண்டாவது, தன்னார்வ நிதியை அரசு நிதிக்கு மாற்றாகக் கருதலாகாது. தொண்டர்கள் கொடுக்கிறார்கள் என்பதற்காக அரசு தன் ஒதுக்கீட்டைக் குறைத்துக்கொண்டால், மொத்த நிதி உயராது. சுமை மட்டுமே இடம் மாறும். இந்தியாவில் இரண்டும் ஒன்றையொன்று வலுப்படுத்தியதாலேயே வெற்றி கிட்டியது.

மூன்றாவது, திட்ட மதிப்பீட்டில் கடைசிப் படிக்குத் தனி இடம் வேண்டும். 1985இல் 12 கோடி டாலர் என வைக்கப்பட்ட குறிக்கோளையும், இன்றுவரை செலவான 2,000 கோடி டாலரையும் ஒப்பிட்டால், தொடக்க மதிப்பீடுகள் எவ்வளவு நம்பிக்கை மிகுந்தவை என்பது விளங்கும். முதல் 99 விழுக்காட்டுக்கு ஆன செலவைக் கொண்டு எஞ்சிய ஒரு விழுக்காட்டின் செலவை ஊகிப்பது பிழை. எளிதில் எட்டக்கூடிய குழந்தைகள் முதலில் எட்டப்படுகின்றனர். இறுதியில் எஞ்சுவோர் புலம்பெயரும் தொழிலாளர், செங்கற்சூளைத் தொழிலாளர், வெள்ளத்தில் துண்டிக்கப்படும் சிற்றூரார், போர்ச்சூழலில் வாழ்வோர் ஆகியோரின் குழந்தைகளே. அவர்களை எட்டுவதற்கு மருந்தின் விலையைவிடப் பயணத்தின் விலையும் நம்பிக்கையின் விலையும் மிகுதி.

தொடக்க விழாவுக்குப் பணம் திரட்டுவது எளிது. முடிவு நெருங்கி, ஆர்வம் தணிந்த காலத்தில் திரட்டுவதே கடினம். 1985இல் உறுதி கூறியோரில் பலர் இன்று இல்லை. அவர்கள் தொடங்கிய பணியை அடுத்த தலைமுறை உறுப்பினர்கள் அதே ஊர்களில், அதே எளிய முறைகளில் தொடர்ந்து வருகின்றனர். நாற்பதாண்டுகளாக அறாத அத்தொடர்ச்சியே, நிதியின் அளவைக் காட்டிலும், இப்பணிக்கு அவர்கள் அளித்த பெரும் கொடை. எஞ்சிய குழந்தைகள் எட்டப்படும் வரை அது அறுபடாதிருக்குமாயின், முதலீடு முழுப்பயன் தரும்.